இளஞ்சிவப்பும் கருநீலமும்: டல்லிச் ஹாம்லெட்டின் கதை பேசுவோம்

#1 – தேம்ஸ்கரை

பிரீமியர் லீக் இழைகள் இங்கே ஓடிக்கொண்டே இருக்கின்றன. நான் ரொம்ப நாளாக எழுத நினைத்தது வேறு ஒரு கிளப்பைப் பற்றி. தெற்கு லண்டனில் சாம்பியன் ஹில் என்ற மைதானத்தில் ஆடும் டல்லிச் ஹாம்லெட். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் 'டல்விச்' என்று வாசிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் நடுவில் இருக்கும் எழுத்தை விழுங்கி 'டல்லிச்' என்றுதான் சொல்வார்கள்.

முதலில் 'நான்-லீக்' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் நிறைய. பிரீமியர் லீக், அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ. இந்த நான்கு அடுக்கோடு தொலைக்காட்சி வெளிச்சம் ஏறக்குறைய முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நான்-லீக். நேஷனல் லீக், அதன் வடக்கு, தெற்குப் பிரிவுகள், அதற்கும் கீழே இஸ்த்மியன், சதர்ன், நார்தர்ன் பிரீமியர், இன்னும் கீழே மாவட்ட லீக்குகள் என்று வேர் மாதிரி பரவிக்கொண்டே போகும். ஜெயித்தால் ஏறலாம், தோற்றால் இறங்கலாம். ஆடுபவர்களில் பலர் வாரநாட்களில் வேறு வேலை பார்ப்பவர்கள்.

டல்லிச் ஹாம்லெட் தொடங்கியது 1893 ஜனவரியில். டல்லிச் ஹாம்லெட் என்ற தொடக்கப் பள்ளியில் படித்து வெளியேறிய பையன்கள் கேட்டுக்கொண்டதால் லோரெய்ன் வில்சன் என்பவர் தொடங்கி வைத்தார். எல்லாரும் அவரை 'பா' என்றே கூப்பிட்டார்கள், அப்பா என்ற பொருளில். பள்ளிக்கூடத்துப் பெயர்தான் இன்றைக்கும் கிளப்பின் பெயர். இது பின்னால் முக்கியமாகும், நினைவில் வையுங்கள்.

சட்டையின் நிறம் இளஞ்சிவப்பும் கருநீலமும். இங்கிலாந்தில் இந்தச் சேர்க்கையை வேறெங்கும் அவ்வளவு எளிதாகப் பார்க்க முடியாது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம் ஈஸ்ட் டல்லிச் ரயில் நிலையத்தில் இறங்கினேன். இந்த நிறச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஒரு பாட்டி பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். எங்கே போகிறார்கள் என்று பின்னாலேயே போனவன்தான் நான். சூப்பர் மார்க்கெட் ஒன்றைத் தாண்டியதும் மைதானத்தின் வாசல் வந்தது. அன்றிலிருந்து முடிந்த சனிக்கிழமையெல்லாம் அங்கேதான்.

ஒரு காலத்தில் நாட்டின் மிகப் பெரிய அமெச்சூர் கிளப்புகளில் ஒன்று. சில வருடங்களுக்கு முன் சொந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று கடிதம் வாங்கிய கிளப்பும் இதுதான். தெரிந்தவர்கள் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

#2 – மதுரைமைதானம்

சொந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாதா? அது எப்படி முடியும் அண்ணா? முழுசாகச் சொல்லுங்கள்.

#3 – தேம்ஸ்கரை

சொல்கிறேன் தம்பி. அதற்கு முன் பழைய கதை கொஞ்சம் தெரிந்தால்தான் அந்தக் கடிதம் ஏன் அவ்வளவு வலித்தது என்று புரியும். கணக்குப்பிள்ளை அண்ணன் இந்தப் பக்கம் வந்தால் நன்றாக இருக்கும்.

#4 – கணக்குப்பிள்ளை

வந்துவிட்டேன்.

டல்லிச் இஸ்த்மியன் லீக்கில் சேர்ந்தது 1907இல். லண்டனைச் சுற்றியிருந்த அமெச்சூர் கிளப்புகளின் லீக் அது. அந்த லீக்கை நான்கு முறை வென்றார்கள்: 1920, 1926, 1933, 1949. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. நடத்திய அமெச்சூர் கோப்பையும் நான்கு முறை: 1920, 1932, 1934, 1937. இதில் 1932 இறுதிப் போட்டி தனி ரகம். லிவர்பூல் பக்கத்து மரீன் அணியை 7-1 என்று நொறுக்கினார்கள். இறுதிப் போட்டியில் ஏழு கோல்!

அமெச்சூர் என்றவுடன் ஏதோ தெருப் பந்தாட்டம் என்று இன்று நினைத்துவிடுவோம். 1951இல் வெம்ப்ளியில் நடந்த அமெச்சூர் கோப்பை இறுதிக்கு வந்த கூட்டம் 1,00,000. பெகசஸ் அணியும் பிஷப் ஆக்லாந்தும் ஆடின. சம்பளம் வாங்காதவர்களின் ஆட்டத்தைப் பார்க்க ஒரு லட்சம் பேர்.

சாம்பியன் ஹில்லில் 1931இல் பெரிய புது அரங்கம் கட்டினார்கள். 1933 அமெச்சூர் கோப்பை இறுதி அங்கேதான் நடந்தது, கிங்ஸ்டோனியனும் ஸ்டாக்டனும். வந்தவர்கள் 20,744 பேர். அந்த மைதானத்தின் சாதனைக் கூட்டம் இன்றுவரை அதுதான்.

எட்கர் கெய்லைப் பற்றி யாராவது எழுதுங்கள். எழுதாவிட்டால் நான் எழுதிவிடுவேன்.

#5 – வலைகாப்பான்

கெய்லை எனக்கு விட்டுவிடுங்கள்.

தெற்கு லண்டன் பையன். 1919இல் முதல் அணிக்கு வந்தார், 1933 வரை ஆடினார். மொத்தம் 427 கோல். பெரிய தொழில்முறை கிளப்புகள் எத்தனையோ முறை கூப்பிட்டன. போகவில்லை. கடைசி வரை அமெச்சூர், கடைசி வரை டல்லிச்.

1929 மே மாதம் இங்கிலாந்து தேசிய அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆடும் முழுத் தேசிய அணி அது. பாரிஸில் பிரான்ஸுக்கு எதிராக முதல் ஆட்டம், இரண்டு கோல் போட்டார். இங்கிலாந்து 4-1. இரண்டு நாளில் பெல்ஜியம், 5-1. அதற்கு நான்கு நாள் கழித்து மே 15, மாட்ரிட்டில் ஸ்பெயின். அதில் இங்கிலாந்து 4-3 என்று தோற்றது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இருக்கும் ஒரு நாட்டிடம் இங்கிலாந்து தோற்றது அதுதான் முதல் முறை. இங்கிலாந்துக் கால்பந்து வரலாற்றின் அந்தக் கறுப்பு நாளில் களத்தில் நின்ற பதினொருவரில் ஒருவர் டல்லிச் ஹாம்லெட்டின் ஆள்.

அந்த மூன்று ஆட்டத்தோடு அவருடைய இங்கிலாந்து வாழ்க்கை முடிந்தது. நான்-லீக் கிளப்பிலிருந்து இங்கிலாந்துக்கு ஆடிய கடைசி ஆள் அவர்தான்.

இன்று மைதானத்துக்குப் போகும் சாலையின் பெயர் எட்கர் கெய்ல் வே. அவர் ஆடியதைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இனி இருக்க வாய்ப்பில்லை. இருந்தும் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் இருபது வயதுப் பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்லிப் பாடுகிறார்கள்.

#6 – கணக்குப்பிள்ளை

அருமை. ஒரு சின்னத் திருத்தம், வாதத்துக்காக இல்லை. 'கடைசி' என்ற சொல்லில் கவனம் வேண்டும். 1936இல் பெல்ஜியத்துக்கு எதிராக பெர்னார்ட் ஜாய் ஆடினார், அவரும் அமெச்சூர், கேஷுவல்ஸ் கிளப்பின் ஆள். ஆனால் அவர் ஆர்சனலுக்கும் ஆடியவர். லீக் கிளப் எதையும் தொடாமல் நான்-லீக்கிலேயே இருந்து இங்கிலாந்துச் சட்டை போட்டவர் என்று பார்த்தால் கெய்ல்தான் கடைசி. அப்படிச் சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

இன்னொன்று. டல்லிச்சிலிருந்து முழுத் தேசிய அணிக்குப் போனவர் கெய்ல் மட்டுமில்லை. கோல்கீப்பர் பெர்ட் கோல்மன் 1921இலேயே அயர்லாந்துக்கு எதிராக ஆடிவிட்டார்.

#7 – வலைகாப்பான்

திருத்தத்தை ஏற்கிறேன் அண்ணே. கோல்மன் எனக்குத் தெரியாது. என் பெயரை வைத்துக்கொண்டு ஒரு கோல்கீப்பரை விட்டிருக்கக் கூடாது.

#8 – இளவேனில்

சாம்பியன் ஹில்லில் ஒலிம்பிக் ஆட்டம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன், உண்மையா?

#9 – கணக்குப்பிள்ளை

உண்மைதான் அம்மா. 1948 லண்டன் ஒலிம்பிக். போர் முடிந்து மூன்று வருடம், நாட்டில் உணவுக்கே பங்கீடு, புதிதாக அரங்கம் கட்டப் பணம் இல்லை. அதனால் கால்பந்து ஆட்டங்களை லண்டனைச் சுற்றியிருந்த கிளப் மைதானங்களில் நடத்தினார்கள். சாம்பியன் ஹில்லில் ஆகஸ்ட் 2 அன்று கொரியாவும் மெக்சிகோவும். கொரியா 5-3 என்று ஜெயித்தது.

தேதியைக் கவனியுங்கள். தென் கொரியக் குடியரசு பிரகடனம் செய்யப்பட்டது ஆகஸ்ட் 15 அன்று. நாடு பிறப்பதற்குப் பதின்மூன்று நாள் முன்னாலேயே அதன் அணி தெற்கு லண்டனில் ஒரு அமெச்சூர் கிளப்பின் புல்தரையில் ஒலிம்பிக் ஆட்டத்தை வென்றிருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் சுவீடனிடம் 12-0 என்று தோற்றார்கள், அது வேறு.

நம் கதையும் அந்த வாரத்தில் இருக்கிறது. இரண்டு நாள் முன்னால், ஜூலை 31, லண்டனுக்குக் கிழக்கே இல்ஃபோர்டில் இந்தியா பிரான்ஸோடு ஆடியது. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன். இரண்டு பெனால்டியை வீணாக்கி, கடைசி நேரத்தில் கோல் வாங்கி 2-1 என்று தோற்றோம். இந்தியாவின் அந்த ஒரே கோலைப் போட்டவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேசக் கால்பந்து கோல் அது.

#10 – மதுரைமைதானம்

இது எனக்குப் புதுச் செய்தி. ராமன் பெயரைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. சரி, கடிதம்?

#11 – தேம்ஸ்கரை

வருகிறேன். நடுவில் ஒரு கட்டத்தைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

அமெச்சூர் என்ற ஏற்பாட்டில் பொய் ஒன்று எப்போதும் இருந்தது. பல கிளப்புகளில் ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்கு வந்தால் பூட்ஸுக்குள் நோட்டு செருகி வைத்திருப்பார்கள். அதற்கு 'பூட் பணம்' என்றே பெயர். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். கடைசியில் 1974இல் கால்பந்துச் சங்கம் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவையே எடுத்துவிட்டது. அமெச்சூர் கோப்பையும் அந்த வருடத்தோடு முடிந்தது. பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டு 4-1 என்று இல்ஃபோர்டை வென்ற ஆட்டம்தான் கடைசி இறுதி.

தொலைக்காட்சி வந்தது, கூட்டம் குறைந்தது. 20,000 பேருக்குக் கட்டிய அரங்கத்தில் சில நூறு பேர் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? பழுது பார்க்கக்கூடப் பணம் இல்லை. அணியும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. கடைசியில் 1990களின் தொடக்கத்தில் பழைய அரங்கத்தை இடித்து, நிலத்தின் ஒரு பகுதியை செயின்ஸ்பரீஸ் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொடுத்து, அந்தப் பணத்தில் 3,000 பேர் கொள்ளும் சிறிய மைதானம் கட்டினார்கள். 1992இல் திறந்தது. நான் முதல் பதிவில் சொன்ன சூப்பர் மார்க்கெட் அதுதான். இன்று நீங்கள் அங்கே பால் பாக்கெட் எடுக்கக் குனியும் இடத்தில் ஒரு காலத்தில் ஜனம் நின்று கத்தியிருக்கிறது.

நகரத்துக்குள் இருக்கும் எல்லா நான்-லீக் கிளப்புக்கும் இதே தலைவலிதான். அணியின் மதிப்பு சில ஆயிரம் பவுண்டு, அணி நிற்கும் மண்ணின் மதிப்பு பல மில்லியன் பவுண்டு. அந்த மண்ணில் கண் வைக்காத ஆள் கிடையாது.

#12 – கணக்குப்பிள்ளை

அந்தக் கடைசி வரிக்குச் சான்று கொடுக்கிறேன். மேலே சொன்ன இல்ஃபோர்டு கிளப் லின் ரோடு மைதானத்தை விற்றது, 1979இல் லேட்டன்ஸ்டோனோடு இணைந்தது. அப்புறம் வால்தம்ஸ்டோ அவென்யூவும் சேர்ந்து ரெட்பிரிட்ஜ் ஃபாரஸ்ட் ஆனது. 1992இல் டேகனமோடு இணைந்து டேகனம் அண்ட் ரெட்பிரிட்ஜ். நான்கு கிளப்புகளும் அமெச்சூர் கோப்பையை வென்றவை அல்லது இறுதி வரை போனவை. இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கிளப். லேட்டன்ஸ்டோன், வால்தம்ஸ்டோ அவென்யூ மைதானங்கள் இருந்த இடத்தில் இன்று வீடுகள்.

என்ஃபீல்டும் அதே கதை. 1999இல் சவுத்பரி ரோடு மைதானம் போனது, கிளப் நாடோடி ஆனது. வெறுத்துப் போன ரசிகர்கள் 2001இல் என்ஃபீல்டு டவுன் என்று தங்கள் சொந்தக் கிளப்பைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் ரசிகர்களே உரிமையாளராக இருக்கும் கிளப்புகளுக்கு அது முன்னோடி.

#13 – தேம்ஸ்கரை

நன்றி அண்ணே. இப்போது கடிதத்துக்கு வருகிறேன்.

கேவின் ரோஸ் என்ற பயிற்சியாளர் 2009இல் பொறுப்பேற்றார். ஆஸ்பையர் என்ற இளையோர் பயிற்சிப் பள்ளியை நடத்தியவர். பெக்கம், கேம்பர்வெல் பக்கத்துப் பிள்ளைகள், பெரிய கிளப்புகள் வேண்டாம் என்று கைவிட்ட பிள்ளைகள், இவர்களை வைத்தே அணியைக் கட்டினார். எர்ஹுன் ஓஸ்டூமர் என்ற குட்டையான ஆட்டக்காரர் இங்கிருந்துதான் 2014இல் பீட்டர்பரோவுக்குப் போனார். பந்தைத் தரையிலேயே வைத்து ஆடும் அணி, பார்க்கவே அழகு. 2013இல் இஸ்த்மியன் முதல் டிவிஷன் தெற்குப் பிரிவை வென்று மேலே வந்தார்கள். சில நூறாக இருந்த கூட்டம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் என்று ஏறியது.

2014இல் கிளப் கடனில் மூழ்கவிருந்தபோது மைதானம் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போனது. பின்னால் இருந்த முதலீட்டாளர் மெடோ ரெசிடென்ஷியல். திட்டம் இதுதான்: பக்கத்தில் உள்ள கிரீன்டேல் திடலில் புது மைதானம், பழைய இடத்தில் வீடுகள். நகராட்சியோடு இழுபறி ஆனது, வழக்கும் வந்தது. 2017 முடிவில் கிளப்புக்குப் பணம் வருவது நின்றது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க ரசிகர்கள் தங்களுக்குள் வசூல் செய்தார்கள்.

பெக்கத்தில் வளர்ந்த முன்னாள் இங்கிலாந்து ஆட்டக்காரர் ரியோ ஃபெர்டினாண்டின் ஆதரவோடு மைதானத்தை வாங்க ஒரு முயற்சி நடந்தது. உரிமையாளர்கள் இசையவில்லை.

2018 மார்ச். சாம்பியன் ஹில்லில் ஆடும் உரிமம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. வாடகைப் பாக்கி என்று ஒரு பெரிய தொகை கேட்டார்கள். அதே வாரம் வழக்கறிஞர் கடிதம் ஒன்று. 'டல்லிச் ஹாம்லெட் ஃபுட்பால் கிளப்', 'தி ஹாம்லெட்', கிளப்பின் நான்கெழுத்துச் சுருக்கம், இவையெல்லாம் மெடோவோடு தொடர்புள்ள ஒரு நிறுவனத்தின் பெயரில் வணிகக் குறியாகப் பதிவாகியிருக்கின்றன, இனி நீங்கள் எங்கேயும் பயன்படுத்தக் கூடாது என்று.

125 வருடப் பெயர். ஒரு தொடக்கப் பள்ளியிலிருந்து பையன்கள் எடுத்து வந்த பெயர். கெய்ல் சட்டையில் சுமந்த பெயர். அந்தச் செய்தியை நான் வேலை இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் படித்தேன். சோற்று டப்பாவை மூடி வைத்துவிட்டேன். மைதானத்தை இழந்த கிளப்புகள் எத்தனையோ உண்டு. பெயரையே எடுத்துக்கொண்ட கதையை நான் அதுவரை கேட்டதில்லை.

#14 – மதுரைமைதானம்

படிக்கும்போதே வயிறு எரிகிறது. அப்புறம் என்ன ஆனது?

#15 – நல்லூரான்

அண்ணை, இதில் நானும் ஒரு சின்னச் சாட்சி. நான் இருப்பது டூட்டிங்கில். எங்கள் பக்கம் தமிழ்ச் சனம் நிறைய, கடைத்தெரு முழுக்க எங்கள் ஆட்கள்தான். டூட்டிங் அண்ட் மிச்சம் யுனைடெட் என்று எங்கள் உதைபந்துக் கழகம் ஒன்று இருக்கிறது, இம்பீரியல் ஃபீல்ட்ஸ் அதன் மைதானம். டல்லிச் துரத்தப்பட்டதும் அவர்களுக்கு இடம் கொடுத்தது நாங்கள்தான். எங்கள் கழகமும் வீடு இழந்த கழகம். சாண்டி லேன் என்ற பழைய மைதானம் வீட்டு மனைக்குப் போய், 2002இல்தான் இங்கே வந்தார்கள். அந்த வலி தெரிந்தவர்கள்.

எங்கள் கழகம் கறுப்பு வெள்ளை. திடீரென்று ஒரு சனிக்கிழமை எங்கள் பஸ்ஸில் முழுக்க இளஞ்சிவப்பு. என் மகளுக்கு அப்போது ஏழு வயது, 'அப்பா, இவர்கள் எல்லாரும் கலியாண வீட்டுக்கா போகிறார்கள்?' என்று கேட்டாள். அவளையும் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டேன்.

2018 மே மாதம், மேல் லீக்குக்கு ஏறப்போவது யார் என்று முடிவு செய்யும் பிளே-ஆஃப் இறுதியும் அங்கேதான் நடந்தது, ஹெண்டனோடு. மூவாயிரத்துக்கு மேல் சனம். 1-1, பிறகு பெனால்டி. மகள் என் கழுத்தில் ஏறி இருந்தாள், பெனால்டி அடிக்கும்போது பயத்தில் என் தலைமுடியைப் பிடித்து இழுப்பாள். 4-3 என்று டல்லிச் வென்றது. கடைசிப் பந்து முடிந்ததும் எல்லாரும் களத்துக்குள் ஓடினார்கள். எனக்குப் பக்கத்தில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு மனிதர் மட்டும் ஓடவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதுகொண்டிருந்தார். மகள் தன்னிடம் இருந்த மிட்டாயில் ஒன்றை அவருக்குக் கொடுத்தாள். அவர் வாங்கி, பிரித்து, சாப்பிட்டார்.

#16 – கணக்குப்பிள்ளை

நல்லூரான் தம்பி, எழுதியதற்கு நன்றி.

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டல்லிச் அதற்கு முன் 2016, 2017 இரண்டு வருடமும் பிளே-ஆஃப் இறுதி வரை வந்து தோற்றிருந்தது, ஈஸ்ட் தர்ரக்கிடமும் போக்னர் ரெஜிஸிடமும். சொந்த மைதானம் இருந்த வருடங்களில் கிடைக்காதது வீடில்லாத வருடத்தில் கிடைத்தது.

எதிரே நின்ற ஹெண்டன் மூன்று முறை அமெச்சூர் கோப்பையை வென்ற கிளப். அவர்களும் கிளேர்மான்ட் ரோடு மைதானத்தை 2008இல் இழந்தவர்கள். அந்த மாலை ஆடிய இரண்டு அணி, இடம் கொடுத்த கிளப், மூன்றுமே பிறந்த மண்ணில் இல்லை. எனக்கு அந்த ஆட்டத்தை நினைத்தால் கோப்பையைவிட இதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

#17 – தேம்ஸ்கரை

நானும் அங்கேதான் இருந்தேன் நல்லூரான், கோலுக்குப் பின்னால். நாம் பார்த்துக்கொள்ளவில்லை.

மதுரைத் தம்பி கேட்டதற்குப் பதில். பெயர் திரும்பி வந்தது. ஊரே எழுந்ததுதான் காரணம். ரசிகர்கள் ஊர்வலம் போனார்கள். தொகுதி எம்.பி. ஹெலன் ஹேஸ் நாடாளுமன்றத்தில் பேசினார். சதக் நகராட்சி, மைதானத்தை விலைக்கு வாங்கவே தயார் என்றது. வணிகக் குறிப் பதிவைக் கிளப்புக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வருடம் அக்டோபர் வாக்கில் மைதானத்துக்கும் ஓர் உடன்பாடு வந்தது. 2018 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஈஸ்ட்போர்ன் பரோவோடு ஆட சாம்பியன் ஹில்லுக்குத் திரும்பினார்கள்.

அன்று வாசலுக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் தெரிந்தது வாசனைதான். ஈரப் புல், வதக்கிய வெங்காயம், கொட்டிய பீர். ஒன்பது மாதம் யாரும் ஆடாத இடம். பூட்டிய கதவை உள்ளே தள்ளித் திறந்து, ஒட்டடை அடித்து, இருக்கைகளைத் துடைத்து வைத்ததெல்லாம் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். என் பங்குக்கு ஒரு சனிக்கிழமை கைப்பிடிக் கம்பிக்கு இளஞ்சிவப்புப் பெயின்ட் அடித்தேன். அந்தக் கம்பியில் இன்றும் சாய்ந்துதான் பார்க்கிறேன்.

#18 – வலைகாப்பான்

நான் ஒரு கசப்பான விஷயத்தைக் கேட்கிறேன், யாரும் தப்பாக எடுக்க வேண்டாம். டல்லிச் கூட்டத்தில் பாதிப் பேர் ஊர்க்காரர்களே இல்லை என்கிறார்கள். ஈஸ்ட் டல்லிச்சில் வீட்டு விலை ஏறியது, பணக்கார இளைஞர்கள் வந்தார்கள், அவர்களுக்கு விலை உயர்ந்த பீரும் பழைய கால அழகும் சேர்ந்து கிடைக்கும் இடம் இது என்று விமர்சனம் உண்டு. முன்னூறு பேர் இருந்த காலத்தில் மழையில் நின்ற பழைய ரசிகர்கள் என்ன நினைக்கிறார்கள்?

#19 – தேம்ஸ்கரை

நியாயமான கேள்வி. பழைய ஆட்களில் சிலருக்கு மனக்குறை இருக்கிறது, என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். தங்களுக்கு நிற்க வழக்கமான இடம் போய்விட்டது, டீக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்று. நானும் வந்தேறிதான், தமிழ்நாட்டிலிருந்து வந்தவன், அந்தக் கிளப்பை 1893இலிருந்து சுமந்தவர்களின் பேரன் இல்லை. அதனால் இதில் நான் நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

ஆனால் 2018 மார்ச்சில் அந்த முன்னூறு பேர் மட்டும் இருந்திருந்தால் கிளப் இருந்திருக்காது. இதையும் அதே பழைய ஆட்கள்தான் எனக்குச் சொன்னார்கள். எம்.பி. பேசுவதற்கும் நகராட்சி இறங்கி வருவதற்கும் பின்னால் இருந்தது ஆயிரக்கணக்கான மனிதர்கள். அந்தக் கூட்டம் கிளப்புக்கு வந்ததில் கேவின் ரோஸின் அணி ஆடிய ஆட்டத்துக்குப் பங்கு உண்டு. ரசிகர்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்குக்கும் பங்கு உண்டு. அங்கே நிறத்தை வைத்தோ பாலியல் விருப்பத்தை வைத்தோ யாரையும் இழிவாகப் பேசிவிட முடியாது. 2015இல் தன்பாலின ஈர்ப்புள்ளவர்களின் அணியான ஸ்டோன்வால் கிளப்போடு நட்பு ஆட்டம் வைத்தார்கள். ஹாம்பர்க்கின் ஆல்டோனா 93 கிளப்போடு பல பத்தாண்டுப் பழைய உறவு உண்டு, இரண்டு பக்கத்து ரசிகர்களும் போய்வந்து கொண்டிருக்கிறார்கள். நான் முதன்முதலில் தனியாகப் போய் நின்ற அன்று பக்கத்தில் இருந்தவர் ஒரு வார்த்தை கேட்காமல் தன் வறுவல் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். இந்த ஊரில் பெரிய அரங்கம் எதிலும் எனக்கு அது நடந்ததில்லை.

#20 – இளவேனில்

நான் போன மாதம்தான் லண்டன் வந்தேன். பிரீமியர் லீக் டிக்கெட் விலையைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டேன். பெண் ஒருத்தி தனியாகப் போகலாமா? என்ன எதிர்பார்க்கலாம்?

#21 – தேம்ஸ்கரை

தாராளமாகப் போகலாம் தங்கச்சி. குடும்பம் குட்டியோடு வருகிறார்கள், நாயைக்கூடக் கூட்டி வருகிறார்கள்.

எங்கே வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். முதல் பாதியில் நம் அணி எந்தக் கோலை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கோலுக்குப் பின்னால் கூட்டம் நிற்கும். இடைவேளையில் மொத்தக் கூட்டமும் கொடி, முரசு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடக்கும். பெரிய லீக்குகளில் ஆடுகளம் தெரியும்படி நின்று மது குடிக்க 1985ஆம் வருடச் சட்டம் விடாது. இந்த அடுக்கில் அந்தத் தடை இல்லை, கையில் கோப்பையோடு நிற்பார்கள். குடிக்காதவர்கள் டீ வாங்கிக்கொள்ளலாம். ஆட்டக்காரர்கள் கத்துவது, பயிற்சியாளர் திட்டுவது எல்லாம் காதில் விழும். பின்னாளில் இங்கிலாந்து அணிக்கு ஆடிய பீட்டர் க்ரவுச் சின்னப் பையனாக டாட்டன்ஹாமிலிருந்து 2000இல் கடனாக வந்து இதே திடலில் ஆடியிருக்கிறார்.

நம் அணிக்குக் கார்னர் கிடைத்தால் எல்லாரும் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் குலுக்குவார்கள். நூற்றுக்கணக்கான சாவிக் கொத்து ஒரே நேரத்தில். முதல் முறை கேட்டபோது எனக்கு ஊர்க் கோயில் சலங்கைதான் நினைவுக்கு வந்தது.

#22 – மதுரைமைதானம்

இப்போது அணி எப்படி ஆடுகிறது அண்ணா?

#23 – கணக்குப்பிள்ளை

2018இல் ஏறிய நேஷனல் லீக் தெற்கில் ஐந்து பருவம் இருந்தார்கள். 2019 நவம்பரில் எஃப்.ஏ. கோப்பை முதல் சுற்றுக்கு வந்து, லீக் அணியான கார்லைல் யுனைடெட்டோடு சாம்பியன் ஹில்லில் தொலைக்காட்சி வெளிச்சத்தில் ஆடினார்கள். 4-1 தோல்வி. 2022இல் கேவின் ரோஸ் பதின்மூன்று வருடத்துக்குப் பின் விலக்கப்பட்டார். அந்தப் பருவம் முடிந்ததும், 2023இல், மறுபடி இஸ்த்மியன் பிரீமியருக்கு இறங்கினார்கள்.

ரோஸை விலக்கியது தவறு என்பது என் கருத்து. பதின்மூன்று வருடம் ஒரு கிளப்பைத் தோளில் தூக்கியவரை ஒரு பருவத்தின் தொடக்கத்தை வைத்து அளந்திருக்கக் கூடாது.

#24 – தேம்ஸ்கரை

இதில் நானும் உங்கள் கட்சிதான் அண்ணே. அன்றைக்கு வீட்டில் யாரிடமும் பேசவில்லை.

மைதான விஷயத்தில், 2020இல் சதக் நகராட்சி 219 வீடுகளும் கிரீன்டேலில் புது மைதானமும் கொண்ட திட்டத்துக்கு இசைவு தந்தது. அது நல்லதா கெட்டதா என்று ரசிகர்களே இரண்டு பக்கமாக இருக்கிறார்கள். எனக்குப் பயம்தான். நான் பெயின்ட் அடித்த கம்பி இருக்கும் இடம் போய்விடக் கூடாது என்ற சொந்த ஆசையும் அதில் கலந்திருக்கிறது.

#25 – நல்லூரான்

மகளுக்கு இப்போது உயரம் என் தோள் வரை. போன கிழமை பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த இறுதி ஆட்டப் படம் வந்தது. சாம்பியன் ஹில்லுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டாள். டூட்டிங் ஆட்கள் டல்லிச்சுக்குப் போகலாமோ என்று யோசிக்கிறேன்.

#26 – தேம்ஸ்கரை

வாருங்கள் நல்லூரான், நீங்கள் எங்களுக்கு வீடு கொடுத்தவர்கள். இளவேனில், நீங்களும் சேர்ந்து வரலாம். லண்டன் பிரிட்ஜில் ரயில் ஏறினால் ஈஸ்ட் டல்லிச்சில் இறங்க வேண்டும். வெளியே வந்து டாக் கென்னல் ஹில் மேட்டில் ஏறினால் சூப்பர் மார்க்கெட் தெரியும், அதை ஒட்டியே எட்கர் கெய்ல் வே. மூன்று மணிக்கு ஆட்டம் என்றால் இரண்டே காலுக்கு வாசலில் நிற்கிறேன், சால்வை போட்டிருப்பேன்.

#27 – இளவேனில்

வருகிறேன் அண்ணா. அறைச் சாவி ஒன்றுதான் இருக்கிறது, போதுமா?

#28 – நல்லூரான்

எங்கள் வீட்டில் கடைச் சாவி, கார்ச் சாவி, மேல்மாடிச் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் இருக்கிறது. மகள் இப்போதே எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறாள். தங்கச்சிக்கும் அதில் ஒன்றிரண்டு கழற்றித் தருகிறோம்.